ஆறாத பால்

அன்புள்ள ஐயா,

சுருள் கேலக்ஸிகள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2019-இல் கருந்துளையின் முதல் படம் வந்ததே, அந்த எம்87 கேலக்ஸியைத் தேடிப் பார்த்தால் வெறும் மங்கல் உருண்டை. கரங்களே இல்லை. ‘செத்த கேலக்ஸி’ என்றது ஒரு காணொளி. அங்கே என்னதான் இருக்கிறது?

எஸ்., தாராபுரம்

அன்புள்ள எஸ்.,

பிள்ளைப்பேறு நின்ற பாட்டியைச் செத்தவள் என்போமா? எம்87-இல் புது விண்மீன் பிறப்பதுதான் ஏறக்குறைய நின்றிருக்கிறது. இருப்பவை லட்சம் கோடி அளவில். கோளக் கொத்துகள், அதாவது உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டங்கள், மட்டும் சுமார் 12,000. நம் பால்வெளியில் 150 சொச்சம்தான். எரிபொருளைச் சீக்கிரம் தின்று தீர்க்கும் நீல விண்மீன்கள் எப்போதோ போய்விட்டன. சிக்கனமாக எரியும் மஞ்சள், சிவப்புக் கிழங்கள் மிச்சம்.

கரங்களுக்கு ஒழுங்கான சுற்று வேண்டும். பால்வெளி, பிரகாரம் வலம் வரும் கூட்டம். எம்87, பண்டிகைக்கு முந்தின நாள் பேருந்து நிலையம், ஆளுக்கொரு திசை. வேறு கேலக்ஸிகளை விழுங்கி வளர்ந்ததில் பாதைகளெல்லாம் கலைந்துவிட்டன.

விண்மீன் பிறக்க வாயு வேண்டும். அது அங்கே ஏராளம், ஆனால் கோடி டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயுமா? வாயுவும் ஆறினால்தான் சுருங்கி விண்மீனாகும். ஆறவிடாத தணல், நீங்கள் படத்தில் பார்த்த அதே கருந்துளை. சுமார் 650 கோடி சூரியன்களின் நிறை. அதன் அருகிலிருந்து பீறிட்டு வாயுவைச் சூடாக்கும் துகள் தாரை 5,000 ஒளியாண்டு நீளத்துக்குத் தெரிகிறது. 1918-இல் அமெரிக்க வானியலாளர் ஹீபர் கர்டிஸ் அதை ஒரு விசித்திரமான நேர்க்கோடாகக் குறித்துவைத்தார். கருந்துளை என்ற பேச்சே அன்று கிடையாது.

போன சித்திரையில் ஏலகிரியில், நண்பரின் எட்டு அங்குலத் தொலைநோக்கியில் பார்த்தேன். சுண்ணாம்பு விரலைச் சுவரில் ஒற்றியதுபோல ஒரு தீற்றல். உற்றுப் பார்த்தால் மறைகிறது. பார்வையைச் சற்று ஒதுக்கினால் வருகிறது. சுமார் 5.4 கோடி ஆண்டு பயணம் செய்த ஒளி, என் கண்ணின் ஓரத்தில்தான் இறங்குவேன் என்றது.

நீங்களும் பார்க்கலாம். சித்திரை அமாவாசையை ஒட்டி, ஊர் விளக்கை விட்டுத் தள்ளி நில்லுங்கள். சிம்மத்தின் வாலில் இருக்கும் உத்திரத்துக்கும், கன்னியில் வின்டமியாட்ரிக்ஸ் என்ற விண்மீனுக்கும் கிட்டத்தட்ட நடுவில் தொலைநோக்கியைத் திருப்புங்கள். அங்கே தீற்றல்கள் நிறைய அகப்படும், எம்87-க்குப் பக்கத்து வீட்டுக் கேலக்ஸிகள். வரைபடம் ஒன்று கையில் இருக்கட்டும்; முதல் முறை நான் அப்படியொரு பக்கத்து வீட்டுக்காரனைத்தான் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.