வில்லுக்கு வாங்கிய கட்டையில் கணு: திருப்பிக் கொடுப்பதா, செதுக்குவதா?

கேள்வி: மகனோடு சேர்ந்து ஒரு மரவில் செய்யலாம் என்று ஊரிலுள்ள மரக்காலையில் ஆறடிப் புளியங்கட்டை ஒன்று வாங்கினேன். பட்டையோடுதான் தந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து உரித்துப் பார்த்தால் மூன்று இடத்தில் கணு. ஒன்றின் நடு கறுத்துப் பொடியாக உதிர்கிறது. வெட்டிக் கொடுத்த மரத்தைத் திருப்பி எடுப்பதில்லை என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: கடைக்காரரோடு கதைக்கப் போகமுன் கட்டையை இன்னொருமுறை பாருங்கள். கணு இருக்கிறது என்பதற்காகவே ஒரு கட்டையை வில்லுக்கு உதவாது என்று தள்ளத் தேவையில்லை. அது எந்த இடத்தில் இருக்கிறது, உயிர்க்கணுவா (சுற்றியுள்ள மரத்தோடு இறுகி நிற்பது) செத்த கணுவா (கறுத்து உதிர்வது) என்று பார்க்க வேண்டும்.

வில்லை வளைக்கும்போது இலக்கை நோக்கிய பக்கம் இழுபடும். எய்பவரை நோக்கிய பக்கம் நெரிபடும். முன்னதை முதுகு என்றும் பின்னதை வயிறு என்றும் வைத்துக்கொள்வோம். மரவில் படாரென்று முறிவது அநேகமாக முதுகில் ஒரு நார் கிளம்புவதில்தான் தொடங்கும். கணு உள்ள இடத்தில் நார் நேரே ஓடாது, வாய்க்கால் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவதுபோல் விலகி ஓடும். அந்த விலகிய நாரை உளியால் நேராக வெட்டிவிட்டீர்கள் என்றால் முறிவுக்கு நீங்களே வழி திறந்துவிட்டீர்கள்.

குளிர்நாட்டு மரங்களில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும். ஒரே வளையத்தைப் பிடித்து முதுகைச் செதுக்குவார்கள். நம்முடைய மரங்கள் பலவற்றில் வளையம் அப்படித் தெரியாது. அதனால் பட்டைக்கு நேர் கீழே உள்ள பரப்பையே முதுகாக விட்டுவிடுங்கள். அதில் சீவுளி படவே கூடாது. கணு மேடாக நின்றால் மேடாகவே நிற்கட்டும். பக்கவாட்டில் செதுக்கும்போதும் கணு வரும் இடத்தில் கொஞ்சம் அகலம் கூட விடுங்கள். வயிற்றுப் பக்கத்திலும் அங்கே சற்றுத் தடிப்பு இருக்கட்டும். பார்வைக்கு வளைந்து நெளிந்துதான் இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் அந்த வில்லின் அழகு.

அடுத்தது இடம். கைபிடிக்கும் நடுப்பகுதி வளைவதில்லை, அங்கே கணு வந்தால் கவலையே வேண்டாம். அந்த நடுப்பகுதிக்கும் நுனிக்கும் இடைப்பட்ட பகுதிதான் பெரும்பாரத்தைத் தாங்குகிறது. அங்கே கணு வருமானால் அது அகலத்தின் நடுவில் விழும்படி கோடு போடுங்கள். விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு நிற்கும் கணு மிகவும் ஆபத்து. அதற்குக் கட்டையின் மேல்கீழை மாற்றியோ கோட்டை ஒருபக்கம் நகர்த்தியோ பாருங்கள். ஆறடியையும் குறைக்காமல் வையுங்கள்; நீளமும் அகலமும் கூடினால் மரத்துக்குச் சுமை குறையும்.

உதிர்கிற கணு செத்த கணு. கறுத்ததை முழுக்கச் சுரண்டி எடுத்து, நல்ல மரம் தெரிந்த பிறகு, அதே மரத்தூளை எப்பொக்சிப் பசையில் குழைத்து அடையுங்கள். பள்ளம் அகலத்தில் பாதியைத் தின்றுவிட்டதென்றால் மினக்கெடாதீர்கள், அது வில்லுக்கு ஆகாது. நீளவாக்கில் நாரோடு போகும் மெல்லிய வெடிப்பு பெரும்பாலும் தாங்கும். குறுக்கு வெடிப்பு என்றால் அந்தக் கட்டையை விறகுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செதுக்கமுன் காயவிட வேண்டும். வெட்டுமுகம் இரண்டுக்கும் பெயின்ற் பூசி நிழலில் வையுங்கள். கிழமைக்கொருமுறை நிறுத்துப் பாருங்கள். நிறை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. பச்சைக் கட்டையை வளைத்தால் அப்படியே வளைந்து நின்றுவிடும். வளைவு பார்க்கும் கட்டத்தில் அவசரமே கூடாது. கொஞ்சம் சுரண்டுவது, பலமுறை மெல்ல இழுத்துப் பார்ப்பது, பிறகு மறுபடி சுரண்டுவது. கடைசிச் சுரண்டலுக்குக் கண்ணாடித் துண்டு நன்றாக உதவும். மகனுக்கு என்பதால் 25 இறாத்தல் இழுவைக்கு (நாணை முழுக்க இழுக்கத் தேவைப்படும் பலம்) மேல் போகாதீர்கள்.

சரி, காசு விடயம். இலங்கையில் 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, இன்ன தேவைக்கு என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு நியாயமான அளவு பொருந்த வேண்டும். பார்த்து வாங்கிய பொருளில் பார்த்தாலே தெரியக்கூடிய குறைக்கு அப்படி உரிமை கோர முடியாது. உங்கள் கணு பட்டைக்குள் இருந்தது, அது உங்கள் பக்கம். வில்லுக்கென்று சொல்லாமல் வாங்கியிருந்தால் வழக்கு பலவீனம்தான். பற்றுச்சீட்டு இருந்தால் விலையில் ஒரு பங்கைக் குறைக்கக் கேளுங்கள். சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, வாங்கி மூன்று மாதத்துக்குள், எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி 1977. ஆனால் நான் சொன்னபடி கணுக்கள் நல்ல இடத்தில் இருந்தால் கட்டையைத் திருப்பிக் கொடுக்கவே வேண்டாம்.

கேள்வி: கணுத் தொல்லை இல்லாமல் பனஞ்சலாகையில் வில் செய்தால் என்ன?
- வாசகி, கோப்பாய்

பதில்: நல்ல யோசனை. பனைக்குக் கிளை இல்லை, அதனால் கணுவும் இல்லை. அர்த்தசாஸ்திரம் என்ற பழைய வடமொழி நூல் வில்லுக்கான பொருள்களில் பனையையும் மூங்கிலோடும் கொம்போடும் சேர்த்தே சொல்கிறது. வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள். கறுத்த நார் நெருக்கமாக இருக்க வேண்டும். முதிர்ந்த பனையின் அடிப்பக்கத்துத் துண்டு என்றால் இன்னும் நல்லது. மரத்தின் உட்பக்கம் போகப்போக நார் ஐதாகி மெதுமெதுப்பாகிவிடும், அந்தப் பகுதியைச் சீவி எறியுங்கள். பனஞ்சிராய் கையில் ஏறினால் பொல்லாத நோ, கையுறை போடுங்கள். வில்லுக்காக வளவுப் பனையைத் தறிக்க நினைக்க வேண்டாம். அனுமதியில்லாமல் பனை தறிப்பது குற்றம். மரக்காலையிலேயே வாங்குங்கள்.

கேள்வி: நாணுக்கு மீன்வலை நைலோன் நூல் போதுமா?
- வாசகர், பருத்தித்துறை

பதில்: அறாது, ஆனால் இழுபடும், அம்பு சோர்ந்து போகும். பொலியெஸ்டர் நூலைப் பல இழை சேர்த்து முறுக்கி மெழுகு பூசுங்கள். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடவே கூடாது. இழுத்த வலுவெல்லாம் மரத்துக்கே திரும்பும், நல்ல வில்லும் அதில் முறிந்துவிடும்.