பச்சை இறைச்சி தின்னும் லாப்ரடாரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக

உங்கள் 8 மாத லாப்ரடாரை அமெரிக்க மருத்துவமனையில் நோயாளிகளிடம் கூட்டிப்போக விடவில்லை, பச்சை இறைச்சி கொடுப்பதைக் காரணம் சொன்னார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அது வீம்பு அல்ல. ஷியா (SHEA) என்ற அமெரிக்கத் தொற்றுத்தடுப்பு நிபுணர்கள் அமைப்பு 2015இல் தந்த வழிகாட்டுதலே அப்படித்தான்: கடைசி 90 நாளில் பச்சை இறைச்சி தின்ற நாய் வேண்டாம். நாய் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதன் மலத்தில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி வெளியேறலாம். புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை எடுத்து எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு அது ஆபத்து. வேகவைக்காமல் காயவைத்த பன்றிக்காது மாதிரித் தின்பண்டங்களும் இதில் சேர்த்தி, பலர் மறந்துவிடுகிறார்கள்.

வயதும் குறைந்தது 1 ஆக வேண்டும். சரி, இன்றே வெந்த சாப்பாட்டுக்கு மாற்றுங்கள். பிறந்தநாளுக்குள் 90 நாள் ஓடிவிடும். அப்புறம், போவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் குளிப்பாட்ட வேண்டும். லாப்ரடாருக்கு அது கொண்டாட்டம்தான்.