வழக்குப் போட வீட்டுக்கு 2,000 ரூபாயா?

கேள்வி: செங்கல்பட்டு மாவட்டத்தில் எங்கள் ஊரையொட்டி டேட்டா சென்டர், அதாவது இணையத் தகவல்களைச் சேமித்துவைக்கும் பெரிய கம்ப்யூட்டர் கூடம், கட்டப் போகிறார்களாம். போர் தண்ணீர் வற்றிவிடுமோ, ராத்திரியெல்லாம் ஜெனரேட்டர் சத்தம் கேட்குமோ என்று பயமாக இருக்கிறது. கேஸ் போட ஒருவர் வீட்டுக்கு 2,000 ரூபாயும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டிருக்கிறார். கொடுக்கலாமா? (ஒரு வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பணத்தைவிடக் கையெழுத்துதான் ஆபத்து. என்னிடம் வந்த ஓர் ஊர்க்காரர்கள், கூட்டத்துக்கு வந்தவர்களின் பட்டியல் என்று சொன்னதை நம்பி, தலைப்பே இல்லாத தாளில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். சில மாதம் கழித்து அதே தாள் ஆபீஸ் ஃபைலில் இருந்தது. மேலே ‘ஆட்சேபணை இல்லை’ என்று டைப் அடித்திருந்தார்கள். கையெழுத்து வாங்கியவரின் தண்ணீர் லாரிதான் பிறகு அந்த சைட்டுக்கு ஓடியது.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றும் இருந்துவிடாதீர்கள். எந்தத் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொல்லும் மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் டேட்டா சென்டர் வெறும் கட்டடக் கணக்கில்தான் வருகிறது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் என்றால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். ஆனால் கட்டடங்களுக்குக் கருத்துக்கேட்பு கிடையாது. அடுக்குமாடி வீடும் ஓயாமல் ஓடும் சர்வர் கூடமும் சட்டத்துக்கு ஒன்றுதான்! அனுமதி விவரம் எல்லாம் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் இருக்கிறது, ஆங்கிலத்தில். ஊரில் யாருக்குப் படிக்க என்று கேட்டால் பதில் இல்லை.

படிக்கத் தெரிந்த பிள்ளையை வைத்து இரண்டே விஷயம் பாருங்கள். ஒன்று, தண்ணீர் எங்கிருந்து, தினம் எவ்வளவு. நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை என்றால் தண்ணீர் நிறையச் செலவாகும். காற்றால் குளிர்விப்பது என்றால் தண்ணீர் குறைவு, கரண்ட் அதிகம். இன்னொன்று சத்தம். ஜெனரேட்டர் கரண்ட் போனாலோ சோதித்துப் பார்க்கும்போதோதான் ஓடும். விடாமல் இரைவது குளிர்விப்பு இயந்திரங்களும் விசிறிகளும்தான். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு.

அனுமதி கொடுத்துவிட்டார்களா? அப்படியானால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் தரலாம். தரலாம் என்பதைக் கவனியுங்கள், தந்தே ஆகவேண்டும் என்றில்லை. மொத்தம் 90 நாளுக்கு மேல் ஒரு நாள் போனாலும் தீர்ப்பாயமே நினைத்தாலும் ஏற்க முடியாது. எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது என்பதும் எடுபடுவது கஷ்டம். நாள் எண்ணுவது அனுமதி முறைப்படி வெளியான தேதியிலிருந்து. ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பணம் வாங்கியவர் இழுத்தடிக்கும் நாளும் இதில்தான் கரைகிறது.

கிராம சபையில் தீர்மானம் போடுங்கள், ஆனால் அது மட்டும் தடுக்காது. அமெரிக்காவின் டூசான் நகர மன்றம் 2025 ஆகஸ்டில் ஒரு டேட்டா சென்டர் திட்டத்தை ஒருமனதாக நிராகரித்தது. நம் ஊராட்சிக்கு அந்தப் பிடி இல்லை.

சரி, செலவு. நஷ்டஈடு கேட்காத மனுவுக்குத் தீர்ப்பாயக் கட்டணம் 1,000 ரூபாய். வீட்டுக்கு இல்லை, மனுவுக்கு. வக்கீல் ஃபீஸ் தனி. ஆனால் பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. அனுமதிக் கடித நகலோடு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நீங்களே நேரில் போங்கள்.