ஒரு காது, இரண்டு வைத்தியர்

கேள்வி: மகளுக்கு மூன்று வயது, 14 கிலோ. காது நோவும் 38.5 பாகை காய்ச்சலும் வந்ததால் குடும்ப வைத்தியர் ஏழு நாளுக்கு அமொக்சிசிலின் பாணி எழுதித் தந்தார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. தடிமன் நிற்கவில்லை என்று வேறொருவரிடம் காட்டினால், "இது வைரஸ், அன்டிபயோட்டிக்கை நிறுத்துங்கள்" என்கிறார். மாமியோ அளவைப் பாதியாக்கிக் கொடுக்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– தாய், வெள்ளவத்தை

பதில்: யார் சொல்வதைக் கேட்டாலும் மாமி சொல்வதைக் கேட்காதீர்கள். காதில் பக்டீரியா இருந்தால் பாதி அளவு அதை அடக்காது. இல்லாவிட்டால் அந்தப் பாதியும் வீண்.

வைத்தியர்கள் இருவரும் பார்த்தது ஒரே காதுதான், ஆனால் ஒரே நாளில் அல்ல. இரண்டாமவர் பார்த்தது இரண்டு நாள் மருந்து குடித்த காதை. ஆகவே முதலாமவரிடம் திரும்பிப் போய் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "செவிப்பறை புடைத்திருந்ததா, வெறும் சிவப்பா?" அழுதாலும் காய்ச்சல் அடித்தாலும் செவிப்பறை சிவக்கும். சீழ் கட்டி வெளியே புடைத்திருந்தால்தான் நடுக்காது அழற்சி என்று உறுதியாகச் சொல்லலாம். புடைத்திருந்தது என்றால் ஏழு நாளையும் முடியுங்கள். வெறும் சிவப்புத்தான் என்றால், அவரே நிறுத்தச் சொல்லக்கூடும். பதில் கிடைக்கும்வரை எழுதியபடியே கொடுங்கள்.

மருந்தே வேண்டாம் என்பதும் கவலையீனமான பேச்சல்ல. இரண்டு வயது தாண்டிய பிள்ளைக்கு நோ கடுமையில்லை, காய்ச்சல் 39 பாகைக்குக் கீழ், காது ஒழுகவில்லை என்றால் 48 முதல் 72 மணித்தியாலம் பொறுத்துப் பார்க்கலாம் என்று அமெரிக்க சிறுவர் மருத்துவக் கழகத்தின் 2013 வழிகாட்டியே சொல்கிறது. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்டீரியா என்றால் கதை வேறு. அங்கே சுகமானாலும் பத்து நாள் முடிக்கவேண்டும். இதய வால்வைப் பழுதாக்கும் வாதக் காய்ச்சலைத் தடுக்கத்தான் அது.

அளவிலும் வைத்தியர்கள் வேறுபடுவார்கள், குழம்பாதீர்கள். பிரித்தானிய முறையில் இந்த வயதுக்கு 250 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தரம். அமெரிக்க முறையில் கிலோவுக்கு 80–90 மில்லிகிராம், அதாவது உங்கள் மகளுக்கு நாளுக்கு 1120 முதல் 1260 வரை, இரண்டு வேளையாகப் பிரித்து. இரண்டும் பிழையல்ல. பிழை நடப்பது பாமசியில்: 5 மில்லிலீற்றரில் 250 உள்ள போத்தல் இல்லையென்று 125 போத்தலைத் தருவார்கள், வீட்டில் அதே 5 மில்லிலீற்றரைக் கொடுப்போம். பிள்ளைக்குப் போவது பாதி மருந்து! லேபிளைப் பாருங்கள். தேக்கரண்டியை விட்டு சிறிஞ்சால் அளந்து கொடுங்கள்.

மருந்து குடித்ததும் உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அடுத்த வேளை மருந்து கொடுக்கக்கூடாது. உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். இன்னொன்று, கொழும்பில் இருக்கிறோம்: காய்ச்சல் திரும்பி வந்து மூன்றாம் நாளைத் தொட்டால் டெங்குவுக்கு முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அதுவரை பரசிற்றமோல் மட்டும், இபுபுரொஃபன் வேண்டாம்.

கேள்வி: போன முறை மிஞ்சிய அன்டிபயோட்டிக் பாணி குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. தம்பிக்குக் கொடுக்கலாமா?
– கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: கூடாது. தண்ணீர் கலந்த கோ-அமொக்சிகிளாவ் (அமொக்சிசிலினுடன் கிளவுலானிக் அமிலம் சேர்ந்தது) குளிரில் வைத்தாலும் ஏழு நாள்தான். அமொக்சிசிலின் லேபிளில் உள்ளபடி 7 அல்லது 14 நாள். கலந்த திகதியைப் போத்தலில் பேனையால் எழுதிவிடுங்கள். கலக்கும்போது தூளைத் தட்டி உதிர்த்து, கொதித்தாறிய நீரைப் பாதி ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு கோடுவரை நிரப்பவேண்டும். நுரையையும் சேர்த்துக் கோடு பார்த்தால் தண்ணீர் குறைந்து, ஒவ்வொரு வேளையும் மருந்து கூடிப்போகும்.