பேதியாகும் நாய்க்குப் பூண்டு கொடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டு நாட்டு நாய்க்கு 3 வயது. விசேஷத்தில் மிஞ்சிய ஆம்பூர் பிரியாணியை வைத்தோம், மறுநாளிலிருந்து பேதி, இரண்டு முறை வாந்தி. பூண்டைத் தட்டி மோரில் கலந்து கொடுக்கச் சொல்கிறார் மாமியார். பூனைக்கும் அடிக்கடி வயிறு கெடுகிறது. கைவைத்தியம் சொல்லுங்களேன்.
- வாசகி, குடியாத்தம்

பதில்: பூண்டு வேண்டவே வேண்டாம். நம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதே என்ற நல்லெண்ணத்தில்தான் மாமியார் சொல்லியிருப்பார், ஆனால் பூண்டும் வெங்காயமும் நாய், பூனைகளின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும், அதிலும் பூனைக்குக் கொஞ்சம் உள்ளே போனாலே ஆபத்து. பிரியாணியோடு தயிர் வெங்காயமும் போயிருக்கும், இல்லையா? எலும்பும் போட்டீர்களா? வெந்த எலும்பு ஊசி மாதிரி பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும். வாந்தி நிற்காமல், வெளிக்குப் போக முக்கிக்கொண்டே இருந்தால் கைவைத்தியத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அப்படி எதுவும் இல்லை, நாய் வாலாட்டிக்கொண்டு சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது என்றால் அரை நாள் சோறு போடாதீர்கள், வயிறு ஓயட்டும். தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது, ஒரேயடியாகக் குடிக்க விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள். (குட்டிகளைப் பட்டினி போடாதீர்கள்.) அப்புறம் குழைய வேகவைத்த சோறு இரண்டு பங்கு, தோலும் எலும்பும் நீக்கி வெறும் தண்ணீரில் வேகவைத்த கோழிக்கறி ஒரு பங்கு. உப்பு, மஞ்சள், மசாலா, எண்ணெய் எதுவும் கூடாது. கையால் நன்றாகப் பிசைந்து நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வேகவைத்து மசித்த பரங்கிக்காய் ஒரு ஸ்பூன் சேர்த்தால் மலம் கெட்டிப்படும். இரண்டு மூன்று நாள் இப்படிக் கொடுத்துவிட்டு மெதுவாகப் பழைய சாப்பாட்டுக்கு வரலாம்.

பூனை விஷயம் வேறு. அதைப் பட்டினி போடவே கூடாது, ஓரிரு நாள் சாப்பிடாமல் கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும். பால் ஊற்றுகிறீர்கள் என்றால் நிறுத்திப் பாருங்கள், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. உப்பில்லாத கோழிக்கறி வேகவைத்த தண்ணீர் கொடுங்கள். உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரை போதும் பூனை செத்துப்போக.

மலத்தில் ரத்தம், தார் போன்ற கறுப்பு, குடித்த தண்ணீரும் வாந்தியாக வருவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி போடாத குட்டிக்கு ரத்தபேதி என்றால் பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், மணிக்கணக்குக்கூடத் தாமதிக்காதீர்கள். நம் வேலூர்ப் பக்க வெயிலில் உடம்பில் நீர் சட்டென்று வற்றிவிடும். பிடரித் தோலைத் தூக்கி விட்டுப் பாருங்கள், உடனே படியாமல் கூடாரம் போல நின்றால் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும்.

பூனைக்கு அடிக்கடி வயிறு கெடுவது குடற்புழுவாலும் இருக்கலாம். அதன் மலத்தைக் கொஞ்சம் சின்ன டப்பாவில் எடுத்துப் போய்ப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், கடைசியாகப் பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.