3டி பிரிண்டரில் செய்த 316எல் (துருப்பிடிக்கா எஃகு வகை) பாகம் உப்புத் தண்ணீரில் துருப்பிடிக்கிறது. 1100 டிகிரியில் அனீலிங் (சூடாக்கிப் பதப்படுத்துதல்) செய்தால் சரியாகுமா?

அனீலிங்கைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். இருக்கிற நல்லதையும் அது கெடுத்துவிடலாம்.

நன்றாகப் பாலிஷ் போட்டுச் சோதித்தால், லேசரில் உருக்கிக் கட்டிய 316எல் பெரும்பாலும் சாதாரணத் தகட்டைவிடக் குழி அரிப்பை (சின்னச் சின்னக் குழிகளாக அரிப்பதை) நன்றாகத் தாங்கும். தகட்டில் குழி தொடங்குவது மாங்கனீசு சல்பைடு துகள்களின் ஓரத்தில்தான். லேசர் உருக்கிய உலோகமோ நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற அளவில் ஆறுகிறது. சல்பைடு வளர நேரமில்லை. 1000 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அது மறுபடி உருவாகி, அந்த ஆதாயம் போய்விடும்.

அப்படியானால் துரு எங்கிருந்து? முதலில் வெளியிலிருந்து ஒட்டிய இரும்பைச் சந்தேகப்படுங்கள். ஸ்டீல் ஷாட்டால் (சின்ன எஃகு மணிகளை வேகமாக அடித்து) பிளாஸ்டிங் செய்தார்களா? அதே மெஷினில் டூல் ஸ்டீல் பவுடர் ஓடியதா? பாகத்தைக் கழுவி, 4 முதல் 10 சதவீத சிட்ரிக் அமிலத்தில், 21–49 டிகிரியில், குறைந்தது 20 நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசுங்கள். துருப்பிடிக்கா எஃகின் மேற்பரப்பைச் சுத்தம் செய்வதற்கான ஏஎஸ்டிஎம் ஏ967 தரநிலை சொல்லும் முறைகளில் இது ஒன்று. துருப் புள்ளி திரும்ப வராவிட்டால் ஒட்டிய இரும்புதான் காரணம்.

அதே இடத்தில் மறுபடி வந்தால் துளை இருக்கிறது. அடுக்குகள் சரியாக ஒட்டாமல் விட்ட கோணல்மாணலான துளைதான் மோசம்: உள்ளே தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்து, குளோரைடும் அமிலமும் ஏறும். உருண்டையான வாயுத் துளை இந்த அளவுக்குப் படுத்தாது. லேசர் 200 வாட், அது ஓடும் வேகம் நொடிக்கு 800 மி.மீ., வரிக்கு வரி இடைவெளி 0.1 மி.மீ., அடுக்கின் தடிமன் 0.03 மி.மீ. என்றால் பாயும் ஆற்றல் கன மி.மீ.க்குச் சுமார் 83 ஜூல். உங்கள் எண் இதைவிட வெகுவாகக் குறைந்திருந்தால் அங்கே தேடுங்கள். உயர் அழுத்த வாயுச் சூடாக்கம் உள்துளைகளை மூடும், மேற்பரப்பில் திறந்திருப்பவற்றை மூடாது. வாயு உள்ளேயே புகுந்துவிடுமே!

பாதி உருகி ஒட்டிய பவுடர் மணிகளுக்கு அடியிலும் இதே கதைதான். நீர் படும் முகத்தைக் கடைந்து, பாலிஷ் போட்டு, பிறகு சிட்ரிக் கொடுங்கள். ஆனால் கடைசல் புதைந்த துளையை வெளியே திறந்துவிடவும் கூடும். டை பெனட்ரன்ட் (மேற்பரப்புத் துளைகளில் புகுந்து காட்டிக்கொடுக்கும் சாயம்) போட்டுப் பாருங்கள். சூடாக்கியதில் நிறம் ஏறியிருந்தால் சிட்ரிக் போதாது, பிக்ளிங் (வலுவான அமிலத்தால் மேற்படலத்தை நீக்குவது) வேண்டும். அதில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் சேர்வதால் அனுபவமுள்ள கடையிடம் கொடுப்பதே நல்லது.

சோதனைக்குச் சின்னத் துண்டு மட்டும் அனுப்பாதீர்கள். துளை அதில் சிக்காமல் போனால் சோதனை எண் அழகாக வரும், பாகம் துருப்பிடிக்கும்.