ஏழு கிலோவுக்கு ஊசி: கல்யாணச் செலவா, மாதச் செலவா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 36. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய், கணவருக்கு 38,000. மகள் இந்த ஜூனில் ஆறாம் வகுப்பு போகிறாள். வீட்டுக் கடன் இஎம்ஐ 17,000 சேர்த்து மாதச் செலவு 58,000 ஆகிவிடும். மகளின் படிப்புக்காக 10,000 எஸ்ஐபியும், 5,000 ஆர்டியும் போடுகிறோம். மிச்சம் பள்ளிக் கட்டணம், இன்சூரன்ஸ், விசேஷங்கள் என்று போய்விடும். அவசரத்துக்கென்று 1,40,000 ரூபாய் எஃப்டி இருக்கிறது.

ஆவணியில் தம்பி கல்யாணம். என் உயரம் 158 செ.மீ., எடை 67 கிலோ. 60-க்கு வர ஆசை. வாக்கிங் போய், சாப்பாட்டைக் குறைத்து இரண்டு மூன்று கிலோ இறங்கும். ஒரு தீபாவளி வந்தால் திரும்ப ஏறிவிடும். ஒரு கிளினிக்கில் மவுஞ்சாரோ ஊசி போட்டால் ஐந்து மாதத்தில் ஏழு கிலோ குறையும் என்கிறார்கள். மொத்தமாகக் கட்டினால் 85,000. வட்டியில்லா இஎம்ஐ என்றால் மாதம் 19,000 வீதம் ஐந்து மாதம். எஃப்டியை உடைக்கலாமா, எஸ்ஐபியை நிறுத்தலாமா, இஎம்ஐயில் போகலாமா? கணவர் “உன் சம்பளம், உன் விருப்பம்” என்கிறார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

பதில்: மனசு ஒப்பாமல் எழுதியதே நல்லது. ஒரு விசேஷ போட்டோவைப் பார்த்து உறவுக்காரர் சொல்லும் ஒரு வார்த்தை எத்தனை நாள் உள்ளே கிடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் “இதெல்லாம் எதற்கு” என்று சொல்ல மாட்டேன். உங்கள் உடம்பு, நீங்கள் உழைத்த பணம். கணக்கை மட்டும் முழுதாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் அந்த வட்டியில்லா இஎம்ஐ. மொத்தமாகக் கட்டினால் 85,000, தவணையில் 95,000 என்றால் நடுவில் இருக்கும் 10,000 ரூபாய்தான் வட்டி. பெயர் மட்டும் வேறு. 85,000 ரூபாயைக் கடனாக வாங்கி மாதம் 19,000 வீதம் ஐந்து மாதத்தில் அடைப்பதாகக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு 3.8 சதவீதம் வருகிறது, ஆண்டுக்கு ஏறக்குறைய 46 சதவீதம். கிரெடிட் கார்டு பாக்கிக்குப் போடும் வட்டி மாதிரிதான் இதுவும். அந்த வழியை இப்போதே மூடிவிடுங்கள்.

அடுத்து எஃப்டி. 1,40,000 என்பது உங்கள் வீட்டுக்கு இரண்டரை மாதச் செலவுகூட இல்லை. அதில் 85,000 எடுத்தால் மிஞ்சுவது 55,000, ஒரு மாதத்தைத் தள்ளவே போதாது. வேறு ஊரில் அரசு வேலையில் இருப்பவர் கேட்டிருந்தால் கொஞ்சம் இளகியிருப்பேன். நீங்கள் திருப்பூரில், அதுவும் ஏற்றுமதியில் இருக்கிறீர்கள். 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர்கள் எப்படி நின்றன என்பதை மெர்ச்சன்டைசர் மேஜையில் உட்கார்ந்து நேராகப் பார்த்தவர் நீங்கள். அந்த எஃப்டி அப்படிப்பட்ட நாளுக்கானது. உண்மையில் அது மூன்றரை லட்சமாக வளர வேண்டும்.

எஸ்ஐபியை ஐந்து மாதம் நிறுத்தினால் 50,000 கிடைக்கும். மகள் கல்லூரிக்குப் போக இன்னும் ஏழு வருடம். ஆண்டுக்கு 11 சதவீதம் வளர்ந்தால் அந்த 50,000 அப்போது ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கும். அதோடு, நிறுத்திய எஸ்ஐபியை ஆறாவது மாதம் மறக்காமல் தொடங்குகிறவர்களை நான் குறைவாகவே பார்த்திருக்கிறேன்.

சரி, பணம் எங்கிருந்து வந்தாலும் இதற்கு 85,000 தகுமா? கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மவுஞ்சாரோவில் இருக்கும் மருந்து டிர்செபடைடு. வெகோவி, ஒசெம்பிக் இரண்டிலும் இருப்பது செமாக்ளுடைடு. இரண்டுமே வாரம் ஒரு ஊசி. பசியைக் குறைத்து, வயிறு காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன. எடுத்த உடனே முழு அளவு கொடுக்க மாட்டார்கள். மவுஞ்சாரோ என்றால் முதல் நான்கு வாரம் 2.5 மில்லிகிராம், பிறகு 5. தேவைப்பட்டால் ஒவ்வொரு படியிலும் குறைந்தது நான்கு வாரம் வைத்து 15 வரை ஏற்றலாம். அளவு ஏறினால் விலையும் ஏறும். 2025 ஆகஸ்ட்டில் இந்தியாவில் இதன் பேனா வந்தபோது ஒரு மாதத்துக்கு 2.5-க்கு 14,000, 5-க்கு 17,500, 7.5-க்கும் 10-க்கும் 22,000, அதற்கு மேல் 27,500 என்று விலை வைத்தார்கள். விளம்பரத்தில் கண்ணில் படுவது முதல் மாத விலை.

அந்த விலைப்படி, ஐந்து மாதமும் 5 மில்லிகிராமைத் தாண்டாமல் போனால் 84,000. மூன்றாம் மாதமே 7.5-க்கு ஏற்றினால் 97,500. கிளினிக் சொன்ன 85,000 எந்த அளவு வரைக்கும் என்று கேட்டீர்களா? ரத்தப் பரிசோதனை, டாக்டர் ஃபீஸ் அதற்குள் வருமா?

84,000 என்றே வைத்துக்கொள்வோம். ஏழு கிலோ இறங்கினால் கிலோவுக்கு 12,000 ரூபாய். கல்யாணம் முடிகிறது, ஊசியையும் நிறுத்துகிறீர்கள். அப்புறம்?

இதற்கான பதில் ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. செமாக்ளுடைடை வைத்து 2021-இல் வந்த ஸ்டெப் 1 என்ற பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. அதில் ஒரு பகுதியினரை, மருந்தை நிறுத்திய பிறகும் ஒரு வருடம் கவனித்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. டிர்செபடைடை நிறுத்திப் பார்த்த ஆய்விலும் பெரும்பாலானோருக்கு எடை ஏறத்தான் செய்தது. ஸ்டெப் 1-இல் இருந்தவர்களின் சராசரி எடை 105 கிலோ, உங்களைவிட மிக அதிகம். அதனால் இதை ஒரு மதிப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஏழில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பினால் ஒரு வருடம் கழித்துக் கையில் நிற்பது இரண்டே கால் கிலோ சொச்சம். அப்போது ஒரு கிலோவின் விலை 36,000 ரூபாய். வாக்கிங்கில் நீங்கள் ஏற்கெனவே குறைத்துக் காட்டிய அளவும் கிட்டத்தட்ட அதுதான்.

இது மருந்தின் குற்றம் கிடையாது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறும், அது மாதிரிதான். என் அம்மா பதினோரு வருடமாக இன்சுலின் போடுகிறார். எங்கள் வீட்டு பட்ஜெட்டில் “அம்மா மருந்து” என்பது வாடகை மாதிரி நிரந்தரச் செலவு. அதை யாரும் ஐந்து மாதப் பேக்கேஜாக நினைப்பதில்லை. இந்த ஊசிகளும் அந்தப் பத்தியில் எழுத வேண்டிய செலவுதான், ஜவுளி, நகை எழுதும் கல்யாணப் பத்தியில் எழுதக் கூடாது. மேலே சொன்ன விலைப்படி 5 மில்லிகிராமிலேயே தொடர்ந்தால் மாதம் 17,500, வருடத்துக்கு 2,10,000. உங்கள் இருவர் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு. உங்கள் வீட்டுக் கடன் இஎம்ஐயைவிட ஐநூறு ரூபாய் அதிகம்.

“செமாக்ளுடைடு மலிவாகிவிட்டதே” என்று கேட்பீர்கள். ஆமாம், அதன் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிந்து, இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகள் வந்துவிட்டன. டிர்செபடைடுக்குக் காப்புரிமை இன்னும் இருக்கிறது. மாதம் 4,000 ரூபாய் ஆகிறது என்றே வைத்தாலும் வருடத்துக்கு 48,000. உங்கள் பட்ஜெட்டில் அது முடியாத தொகை இல்லை. ஆனால் அந்த 4,000 எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதை முதல் ஊசிக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும்.

இன்சூரன்ஸை நம்ப வேண்டாம். வெளிநோயாளி மருந்துச் செலவு சாதாரண பாலிசிகளில் கிடையாது. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கே பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் எண்) 40, அல்லது கடுமையான துணைநோயோடு 35 இருக்க வேண்டும் என்று விதி. வருமான வரியிலும் உங்கள் வயதில் மருந்துச் செலவுக்கு மருத்துவக் கழிவு (பழைய சட்டத்தில் 80டி) கிடைக்காது. புதிய வரி முறையில் இருந்தால் அந்தக் கழிவே கிடையாது. இன்னொன்று: பின்னால் புது மெடிக்ளெய்ம் எடுக்கும்போது எடுத்துக்கொண்ட மருந்துகளைப் பற்றிக் கேட்டால் இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் வேறொரு க்ளெய்மில் வந்து நிற்கும்.

நான் டாக்டர் இல்லை. ஆனாலும் உங்கள் எண்களைப் பார்த்து ஒன்று சொல்ல வேண்டும். 158 செ.மீ., 67 கிலோ என்றால் பிஎம்ஐ 26.8. எடைக் குறைப்புக்கு இந்த ஊசிகளை எழுதுவதற்கான வரையறை பிஎம்ஐ 30 அல்லது அதற்கு மேல், இல்லாவிட்டால் 27 அல்லது அதற்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற ஏதாவது ஒன்று. நீங்கள் அதற்குச் சற்றுக் கீழே நிற்கிறீர்கள். அதே சமயம் நம் நாட்டினருக்கு 25-இலேயே உடல்பருமன் என்று எடுத்துக்கொள்ளும் அளவுகோலும் உண்டு, ஏனென்றால் நமக்கு வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் சீக்கிரம் வந்துவிடுகின்றன. அதனால் உங்களுக்கு இது தேவையா இல்லையா என்பதை எடை மெஷின் சொல்லாது, ரத்தப் பரிசோதனை சொல்லும். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, தைராய்டு, கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் இவற்றைப் பார்த்துவிட்டு, பேக்கேஜ் விற்காத ஒரு பொது மருத்துவரிடமோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமோ உட்கார்ந்து பேசுங்கள். எடை திரும்பத் திரும்ப ஏறுவதற்குத் தைராய்டு காரணமாக இருந்தால் அதற்கான மாத்திரை மிக மலிவு. 85,000-க்கு முன்னால் இந்தச் செலவைச் செய்துவிட வேண்டும்.

பரிசோதனையில் ஏதாவது வந்து, டாக்டரே ஊசியை எழுதினால் என் பதில் மாறும். அப்போது அது சிகிச்சை. உங்கள் ஆர்டியின் 5,000 ரூபாயை அதற்குத் திருப்பிவிடலாம், எஸ்ஐபியைத் தொடாமல். எனக்கு நானே வைத்திருக்கும் அளவுகோல் இது: பன்னிரண்டு மாதத்துக்கு மாத வருமானத்திலிருந்தே கட்ட முடிந்தால் தொடங்குங்கள், சேமிப்பை உடைத்தால்தான் முடியும் என்றால் தொடங்காதீர்கள், அதைவிட மலிவான மருந்தை டாக்டரிடம் கேளுங்கள்.

எப்படித் தொடங்கினாலும் மொத்தமாக முன்பணம் கட்ட வேண்டாம். ஸ்டெப் 1-இல் நான்கில் மூன்று பேருக்கு குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல் என்று வயிற்றுக் கோளாறு ஏதாவது வந்தது. பெரும்பாலும் போகப் போகச் சரியாகிவிடும் என்றாலும் சிலர் நடுவிலேயே நிறுத்தினார்கள். இரண்டாம் மாதம் நீங்கள் நிறுத்தினால் மிச்சப் பணம் திரும்புமா? மாதா மாதம், மருந்துக் கடையில், பில்லும் பேட்ச் எண்ணும் பார்த்து வாங்குங்கள். பிரிக்காத பேனாவை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். அம்மாவின் இன்சுலினுக்காக ஒவ்வொரு நீண்ட மின்வெட்டிலும் ஐஸ் பெட்டியோடு ஓடியவள் என்பதால் சொல்கிறேன், வீட்டு ஃபிரிட்ஜும் இந்தச் செலவில் சேர்த்திதான். ஆன்லைன் குரூப்பில் பாதி விலைக்கு வருவதை வாங்காதீர்கள், அது எந்த வெயிலில் கிடந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. குறையும் எடையில் ஒரு பகுதி தசையும் போகும் என்பதால் முட்டை, பருப்பு, பால், கொஞ்சம் எடைப் பயிற்சி என்று மளிகைக் கணக்கும் ஏறும்.

பரிசோதனை எல்லாம் சரியாக வந்தால், ஏழு என்பதை மூன்றரை கிலோவாகக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எடையில் அது 5 சதவீதம், உடம்புக்கு நன்மை தெரியத் தொடங்கும் அளவு. சென்னையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சாப்பாட்டு மாற்றமும் நடையும் மட்டுமே சர்க்கரை வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தன, பங்கேற்றவர்களுக்கு எடை பெரிதாகக் குறையாமலே. இதை உங்களுக்குத் தனியாகச் சொல்லக் காரணம், இத்தனை நாள் நடந்தது வீணாகிவிட்டது என்று நினைக்கிறீர்கள். வீணாகவில்லை. இதுவரை தனியாகவே முயன்றிருக்கிறீர்கள். இந்த ஐந்து மாதம் ஒரு டயட்டீஷியனும் பக்கத்து ஜிம்மும் சேர்த்து மாதம் 4,000 என்று 20,000 ஒதுக்குங்கள். அதை ஆர்டியில் போடும் 5,000-இலிருந்து எடுங்கள், அந்த மாதங்களில் ஆர்டி 1,000-ஆக இருக்கட்டும். கணவரும் கூட நடந்தால் செலவு கூடாது.

ஜூனில் மகளின் பள்ளிக் கட்டணம் வருகிறது. அதற்கு முன்னால் எந்தக் கிளினிக்கிலும் கையெழுத்துப் போட வேண்டாம். பரிசோதனை முடிவு வந்ததும் அதோடு இன்னொரு கடிதம் எழுதுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, சர்க்கரை நோயின் முன்கட்டம் தொடங்கும் 5.7-ஐத் தொட்டிருந்தால் டாக்டர் சொல்வதையும் சேர்த்து எழுதுங்கள், “மருந்து” என்ற வரியோடு உங்கள் மாத பட்ஜெட்டை முதலிலிருந்து போட்டுத் தருகிறேன்.